கவர்னர் யாருக்காகக் காத்திருந்தது

பொன்னம்பலம் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் மற்றவர்களின் புளுகைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். எரியாத கடையை எரிந்தது என்றவனையும், ஓடாத லொறி உருண்டது என்றவனையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தே வேர்க்க வைத்தவர். ஓய்வுபெற்ற மறுநாளே, அத்தனை வருசமாகப் பறிமுதல் செய்து உள்ளே அடுக்கி வைத்திருந்த புளுகு முழுவதையும் தானே விற்பனைக்கு எடுத்துவிட்டார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அவருடைய பிளட் வீடு. அங்கேயிருந்து பார்த்தால் கடலில் ஒரு கீறு தெரியும். அவர் சொல்லும்போது மாலைதீவு தெரியும். காலை ரயில் பிந்தினால், அலை தூக்கியெறிந்த சுறா ஒன்று தண்டவாளத்தில் கிடந்ததுதான் காரணம். இழுத்துப்போட எட்டுப் பேர் போதாமல் ஸ்டேசன் மாஸ்டரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். ஸ்டேசன் மாஸ்டர் வேட்டி கட்டுவதில்லையே என்று கேட்டால், அண்டைக்கு மட்டும் கட்டியிருந்தவர் என்பார்.

இதெல்லாம் சில்லறைச் சாமான்தான். அவருடைய கடையின் பெருஞ்சரக்கு கவர்னரின் விசுவாசம்.

கவர்னர் என்பது நாய். மனைவி இராமலெட்சுமி காலமான அடுத்த மாரியில், நனைந்து ஒட்டிய உடம்போடு மூன்று மாடியும் ஏறி வந்து அவருடைய கால்மிதியில் படுத்தது. மண்ணிறம். ஒரு காது மடிந்திருக்கும், மற்றது எந்நேரமும் யாரையோ விசாரிப்பதுபோல் நிமிர்ந்திருக்கும். காவலாளி வந்து விரட்டிப் பார்த்தான், பிளட்ஸ் கொமிட்டி வந்து கூடிக் கதைத்துப் பார்த்தது. அது ஒரு கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அந்தப் பார்வையிலேயே பொன்னம்பலம் பேர் வைத்துவிட்டார்.

டொரொன்டோவில் இருக்கிற ஒரே மகள் அருந்ததி, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று டீவிக்குப் படம் பார்க்கிற வசதி ஒன்றை அங்கேயிருந்தே போட்டுக் கொடுத்திருந்தாள். உலகத்துப் படமெல்லாம் அதில் வரும். பொன்னம்பலம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நாய்ப் படங்களில் போய் நின்றார். பனிமலை தாண்டி எசமானைத் தேடிவருகிற நாய், கப்பலில் போனவன் வரும்வரை துறைமுகத்தில் கிடக்கிற நாய், கல்லறையை விட்டு எழும்ப மறுக்கிற நாய். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு நாய், ஒவ்வொரு நாய்க்கும் ஒரு துவாய். அவர் அழுத அழுகையில் வெள்ளவத்தைக் கால்வாய் ஒரு முழம் உயர்ந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கவர்னர் இந்தப் படங்களையெல்லாம் நிலைப்படிக்கு உட்பக்கமாகப் படுத்து நித்திரையிலேயே பார்த்து முடித்தது. திரையில் ஏதாவது நாய் பெரிதாகக் குரைத்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடும்.

படம் பார்க்க இன்னொருவரும் இருந்தார். எதிர்க்கதவு நிஸாம். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்து, மகன்மாரிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். பொய் சொல்லத் தெரியாத புடவைக்கடைக்காரர் இலங்கையில் இவர் ஒருவர்தான் என்பது பொன்னம்பலத்தின் கணிப்பு. சாயம் போகிற சீலையைக் காட்டி, இது சாயம் போகும் என்று சொல்லியே விற்றவராம். நாயின் ஈரமூக்கு உடம்பில் பட்டால் அவர் மார்க்கப்படி ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது என்று மனைவி ஷஹீமா பல்கனியில் குரோட்டன் சாடி ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தாள். அந்த மண்ணுக்கு இதுவரை வேலை வரவில்லை. நிஸாம் தன் பிளாஸ்டிக் கதிரையை இரண்டு கதவுக்கும் நடுவில் கொரிடோரில் போட்டுக்கொள்வார். பொன்னம்பலம் கதவை அகலத் திறந்து டீவியை வாசலைப் பார்க்கத் திருப்பிவிடுவார். கவர்னர் படிக்கு இந்தப் பக்கம், நிஸாம் படிக்கு அந்தப் பக்கம், நடுவில் எந்நேரமும் ஒன்றரை முழம். யார் யாருக்குப் படிப்பித்ததோ தெரியாது, அந்த ஒன்றரை முழத்தை இரண்டு பேரும் ஒருநாளும் மீறியதில்லை.

நிஸாம் அழமாட்டார். கேள்விதான் கேட்பார். பனிமலையை நாய் தாண்டும்போது, எசமானுக்கு அயல்வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்க ஏலாதா என்பார். துறைமுகத்தில் நாய் கிடக்கும்போது, அந்த ஊர் மனிசர் ஒருத்தருக்கும் ஒரு துண்டுப் பாணும் இல்லையா என்று மனம் நோவார். பொன்னம்பலம் துவாய்க்குள்ளிருந்து, "நிஸாம் நானா, இது படம்" என்பார். அடுத்த நாளும் கதிரை வரும்.

கவர்னரின் விசுவாசக் கதை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்களில் பொன்னம்பலம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் பழைய கூட்டாளி நாகேந்திரம் வீட்டுக்கு முன்னூற்றி நாலு சீட்டு விளையாடப் போவார். பின்னேரம் திரும்பிவந்து காலி வீதி பஸ் தரிப்பில் இறங்கினால், அங்கே நடைபாதையில் கவர்னர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த செவ்வாயும். அதற்கடுத்ததும். அவர் பார்த்த படமெல்லாம் ஒன்றுசேர்ந்து அவர் நெஞ்சில் ஏறிக் குந்திக்கொண்டன. எனக்காக வந்து காத்திருக்கிறது!

ஒரேயொரு சின்ன இடறல். அவர் இறங்கினதும் கவர்னர் பாய்ந்து வந்து நக்குவதில்லை. கந்தோரில் பெரியவருக்கு எழும்பி நிற்பதுபோல வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு அங்கேயே இருக்கும். அவர் வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றித் தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேரும். பொன்னம்பலம் இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். தன்னைப் பின்தொடர்ந்து எதிரி எவனும் வருகிறானா என்று பார்த்துப் பின்காவல் செய்துவிட்டு வருகிறதாம்.

கதை கனடா போய்ச் சேரும்போது கவர்னர் மழையிலும் வெயிலிலும், பட்டாசு வெடிக்கிற திருவிழாவிலும், பஸ் வேலைநிறுத்தத்திலும் தரிப்பை விட்டு அசையாத நாயாகியிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அருந்ததி அவரைத் தன்னோடு டொரொன்டோவுக்கு வந்துவிடும்படி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கவர்னரைக் காட்டித் தப்பிக்கொண்டிருந்தார். நான் போனால் அது சாப்பிடாது, தரிப்பில் கிடந்தே செத்துப்போகும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்பார்.

இந்த ஆடியில் அருந்ததி லீவு எடுத்துக்கொண்டு நேரே வந்து இறங்கினாள். அப்பாவின் முழங்காலைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், கடைசியாகக் கவர்னரைப் பார்த்தாள். அவளும் புளுகு பிடிக்கிறவர் பெற்ற பிள்ளைதானே. நீங்கள் கொஞ்ச நாளைக்கு நாகேந்திரம் மாமா வீட்டில் போய் இருங்கோ, நான் இங்கே கவர்னரைப் பார்க்கிறேன் என்றாள். அது சாப்பிடாமல் கிடந்தால் இந்தக் கதையையே இனி எடுக்கமாட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டு ஓடியாடித் திரிந்தால் நீங்கள் பெட்டி அடுக்கவேண்டும். பேச்சு மாறக்கூடாது.

"தண்ணிகூடத் தொடாது, பிள்ளை" என்றார் பொன்னம்பலம். "சேலைன் ஏத்த ஆளைப் பாத்து வை."

உடுப்புப் பையோடு இறங்கும்போது கவர்னரிடம் குனிந்து விடைபெற்றார். அது அவருடைய பையை மணந்து, தின்ன ஒன்றும் இல்லையென்று கண்டு, திரும்பப் படுத்தது. அழுகையை அடக்குகிறது என்று மகளுக்குச் சொன்னார்.

நாகேந்திரத்தின் வீடு கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்ட, கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்துகிற இடத்தில் இருந்தது. நல்ல உபசாரம். பொன்னம்பலத்துக்கோ கதிரை முள்ளாகக் குத்தியது. கையில் நல்ல துரும்பை வைத்துக்கொண்டே சீட்டில் தோற்றார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கவர்னர் ஊளையிடுவதாகக் கேட்டது. விடிந்ததும் மகளுக்குப் போன் எடுத்தார்.

கவர்னர் இடியப்பம் சாப்பிட்டிருக்கிறது. சொதியோடு. முடித்துவிட்டுத் திரும்பவும் கேட்டிருக்கிறது.

பொன்னம்பலம் ஒரு கணம்தான் தடுமாறினார். "அது துக்கத்தில சாப்பிடுறது, பிள்ளை. செத்தவீடுகளில பாக்கேல்லையே, துக்கம் கூடினவை ரெண்டு தரம் சாப்பிடுவினம்."

மத்தியானம் அருந்ததி ஒரு வீடியோ அனுப்பினாள். அவருடைய சாய்மனைக் கதிரையில், அவருடைய துவாயின் மேல், நாலு காலும் கூரையைப் பார்க்கக் கவர்னர் மல்லாந்து கிடந்தது. மயங்கிவிட்டது என்று பொன்னம்பலம் எழும்பியே விட்டார். நாகேந்திரம் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மயங்கினவன் இப்படிக் குறட்டை விடமாட்டான், இருந்து சாப்பிடு என்றார்.

நம்பிக்கையான சாட்சி வேண்டுமென்று நிஸாமுக்கு எடுத்தார். நாயின் முகத்தில் ஒரு சோகம் தெரியுதோ என்று கேட்டார். நிஸாம் நெடுநேரம் யோசித்தார். எனக்கு நாய் முகம் வாசிக்கத் தெரியாது என்றார். பிறகு, எப்போது வாறீங்க என்றார். இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னதும், சரி, எப்போது வாறீங்க என்று இன்னொரு தரம் கேட்டார். கவர்னரின் விசாரத்தில் இருந்த பொன்னம்பலத்துக்கு அது காதில் ஏறவில்லை.

அருந்ததியும் ஒன்று சொன்னாள். பின்னேரங்களில் நிஸாம் அங்கிள் எங்கள் சாத்தின கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார், கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறார், அந்தக் கொரிடோரில் காற்று வருமா அப்பா என்று கேட்டாள். அங்கே ஒரு நாளும் காற்று வராது, நீ நாயைப் பற்றிச் சொல்லு என்றார் பொன்னம்பலம்.

நாயைப் பற்றி அவள் பிறகு சொன்ன செய்திதான் அவரைக் கதிரையிலிருந்து தூக்கியது. பின்னேரம் கவர்னர் தானாகப் படியிறங்கிப் போயிருக்கிறது. அவள் பின்னாலேயே போயிருக்கிறாள். அது நேரே காலி வீதிக்குப் போய், பஸ் தரிப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, நெடுநேரம் ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அவள் கண்கலங்கித் திரும்பி வந்துவிட்டாளாம். அடுத்த நாள் எட்டிப் பார்த்தாலும் அப்படியேதானாம்.

அவளுடைய குரல் இளகியிருந்தது. "அப்பா, நான் நினைச்சன் நீங்கள் புளுகுறீங்கள் எண்டு."

பொன்னம்பலம் போனை வைத்துவிட்டு அன்றைக்கு விளையாடின சீட்டில் எல்லா ஆட்டத்தையும் வென்றார். கொட்டாஞ்சேனைச் சந்தியே எழும்பிக் கைதட்டியது என்பது அவருடைய கணக்கு.

மறுநாள் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கச் சொன்னாள் மகள். அந்தச் சந்திப்பைப் போனில் படமெடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமாம். பொன்னம்பலம் முகம் வழித்து, நாகேந்திரத்தின் நல்ல சேட் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் யன்னலோரம் இருந்து எப்படி இறங்குவது என்று ஒத்திகை பார்த்தார். முதலில் வலது கால். பிறகு பையைக் கீழே போடவேண்டும். கைகளை விரிக்கவேண்டும். படங்களில் அப்படித்தான்.

தரிப்பில் கவர்னர் இருந்தது. வெற்றிலைக்கடைத் தூணுக்குப் பக்கத்தில் அருந்ததி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். பொன்னம்பலம் வலது காலை வைத்து இறங்கினார், பையைப் போட்டார், கையை விரித்தார்.

கவர்னர் திரும்பிப் பார்த்தது. வாலை ஒரு தரம் ஆட்டியது. பிறகு முகத்தைப் பழையபடி திருப்பிக்கொண்டது. அது பார்த்துக்கொண்டிருந்தது வீதியையல்ல என்பதை, விரித்த கை விரித்தபடி நின்ற பொன்னம்பலம் அப்போதுதான் கண்டார். தரிப்புக்குப் பின்னால் பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கை. தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள்ளே வெள்ளைத் தொப்பியோடு நிஸாம்.

கவர்னர் எழும்பியது. உடம்பு முழுக்க வாலாகிவிட்டதுபோல் ஆடியது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, முனகி, ஒரு வட்டம் சுற்றி, சரியாக ஒன்றரை முழத்தில் வந்து நின்றது.

நிஸாம் பொன்னம்பலத்தைப் பார்த்தார். போனோடு நின்ற அருந்ததியைப் பார்த்தார். நாயும் தானும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள்போல் மற்றப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். கவர்னர் பின்னால் போனது. திரும்பி இந்தப் பக்கம் வந்தார். கவர்னரும் வந்தது. மூலையிலிருந்த பேக்கரிக்காரன் இது ஒன்றும் அறியாமல், மீன் வைத்த மாலு பணிஸைக் கடதாசியில் சுற்றி நீட்டி, நாள்தோறும் கேட்கிற கேள்வியைச் சிங்களத்தில் கேட்டான்.

"வெனதா வகே எக்காய் நேத, ஹாஜியார்?"

வழக்கம்போல ஒன்றுதானே! பொன்னம்பலத்தின் கை மெல்லக் கீழே இறங்கியது. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் அவருடைய பகல் நித்திரை நேரம். செவ்வாய் தவிர மற்ற நாளெல்லாம் அவர் குறட்டை விடுகிற வேளையில் ஊரெல்லாம் அறிந்து நடந்துவந்த விசயம் இது.

நிஸாம் வெட்கத்தோடு பணிஸைப் பிய்த்தார். பாதியைக் கடதாசியில் நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார். நான் குடுக்கிறதில்லை, கைதவறி விழுறது என்றார். பிறகு அவராலேயே அதைப் பொறுக்க முடியாமல், இல்லை, குடுக்கிறதுதான் என்றார்.

அருந்ததி சிரித்த சிரிப்பில் தரிப்பில் நின்றவர்கள் தங்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். வெற்றிலைக்கடை வாங்கில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு மூச்சுவாங்கிக்கொண்டு, அப்ப கவர்னருக்கு ஒன்றும் ஆகாது, பெட்டி அடுக்குவோமா அப்பா என்று கேட்டாள்.

பொன்னம்பலத்துக்கு வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு புளுகும் வரவில்லை. கடை காலி. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பணிஸ் தின்கிற நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிஸாம்தான் தொண்டையைச் செருமினார்.

"மகள், நாயிக்கு ஒண்டும் ஆகாது. அத நான் பாத்துக்கொள்ளுவன், நீங்க ஐயாவக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனா ஒண்டு செல்லோணும். எனக்கு டீவி போடத் தெரியாது."

அருந்ததியின் சிரிப்பு அடங்கியது. வீட்டில் ஷஹீமா நாள் முழுக்க டீவி பார்க்கிற சத்தம் அவள் தினமும் கேட்டதுதான். அந்த வீட்டுக்கே டீவி போடத் தெரியும். அவள் நிஸாமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அந்தக் கொரிடோரில ஒரு நாளும் காத்து வராதாம். அப்பா சொன்னவர்."

நிஸாம் தொப்பியைக் கழற்றி, மடித்து, விரித்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "சில நேரம் வரும்" என்றார். பொய் சொல்லிப் பழகாத மனிசன், காது சிவந்துவிட்டது.

பொன்னம்பலம் அவரைப் பார்த்தார். போனில் இரண்டு தரம் கேட்ட அந்த எப்போது வாறீங்க இப்போதுதான் அவருக்குக் காதில் ஏறியது. பார்த்த அத்தனை படமும் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு படத்திலும் காத்திருந்தவர் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்ததில்லை.

"நானா" என்றார். "வாங்கோ, வீட்ட போவம்."

ஒழுங்கையில் அருந்ததி முன்னால் நடந்தாள். பின்னால் இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் ஒன்றரை முழத்தில் கவர்னரும். கேற்றடியில் அவள் திரும்பி நின்றாள். பந்தயத்தில் அப்பா தோற்றது தோற்றதுதான், அதில் மாற்றமில்லை என்றாள். ஆனால் வந்து ஒரேயடியாக இருக்கவேண்டாம். அடுத்த கோடைக்கு இரண்டு மாதம் நின்று, பேரப்பிள்ளைகளோடு விளையாடிவிட்டுத் திரும்பினால் காணும்.

"ரெண்டு மாசமா?" என்று நிஸாம் கேட்டார்.

அருந்ததி அவருடைய முகத்தைப் பார்த்தாள். "சரி, ஒரு மாசம்."

அவள் விமானம் ஏறின அடுத்த நாள் பின்னேரம் வழமைபோல் கதவு அகலத் திறந்தது. அன்றைக்கு வந்தது, எசமானைத் தேடி ஆற்றை நீந்திக் கடக்கிற நாய். பொன்னம்பலம் துவாயோடு உட்கார்ந்து, படம் தொடங்கமுன் நாகேந்திரத்துக்குப் போன் எடுத்து முழு விபரமும் கொடுத்துக்கொண்டிருந்தார். கவர்னர் தன்னைக் கண்ட சந்தோசத்தில் திக்குத் தெரியாமல் மாறி ஓடிவிட்டதாம். ஓடின வேகத்தில் காலி வீதியில் இரண்டு பஸ் பிறேக் போட்டு நின்றதாம். ஒரு பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரி இறங்கிவந்து அழுதாளாம்.

"நம்பாட்டி நிஸாம் நானாவைக் கேள், இஞ்சதான் இருக்கிறார்" என்று போனை வாசல் பக்கம் நீட்டினார்.

நிஸாம் போனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வெள்ளைக்காரிய நான் காணல்ல" என்றார். "பஸ் நிண்டதுதான். தரிப்பில பஸ் நிக்கும்."

பிறகு படம் சரியாகத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு கதிரையை நிலைப்படிக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார். கவர்னர் கண்ணைத் திறக்காமலே, அதே அளவுக்குப் பின்னால் நகர்ந்து கொடுத்தது.